ஐந்து கோடு

உப்பனாற்றங்கரையில் பள்ளம் தோண்டி
சிமெண்டுத் தொட்டில் கட்டிப்
படுக்க வைத்திருக்கிறார்கள், சீனாக்காரன் நீர்மூழ்கியை.
யார் யாரோ விற்று, யார் யாரோ வாங்கி,
கடைசியில் புதுச்சேரி முதலாளி ஒருவர்
பழைய இரும்பு விலைக்கு இழுத்து வந்தது.
பெரியவருக்கு நாற்பது, சிறியவருக்கு இருபது,
செல்போனில் படம் எடுத்தால் தனி.

உள்ளே துடைக்க ஆள் நிற்கவில்லை.
வந்த மூன்று பேரும் மதியத்துக்குள்
வாந்தி எடுத்துவிட்டுப் போனார்கள்.
டீசல், பாட்டரி அமிலம், எத்தனையோ பேர் வியர்வை,
முட்டைக்கோசு அவித்ததுபோல் இன்னொன்று.
நான் சிப்காட்டில் பதினோரு வருஷம்
டிரம் கழுவினவள்.
எதற்குத் தலை வலிக்கும், எதற்குக் கண் எரியும்,
எதற்குப் போட்டது போட்டபடி ஓட வேண்டும்,
எல்லாம் என் மூக்குக்கு மனப்பாடம்.
இது ஓட வேண்டாத வாடை.
நின்றுவிட்டேன்.

கைடு ஜோதிலிங்கம் சார் தினமும் ஒரு பொய் கூட்டுவார்.
திங்கட்கிழமை முந்நூறு மீட்டர் முங்கியது
ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்நூறு ஆகிவிடும்.
பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:
"அம்பது பேருக்கு எத்தனை கக்கூஸ்?"
"ரெண்டு" என்பேன் நான், மாப்போடு.

பெரிஸ்கோப்புக்குப் பத்து ரூபாய்.
எதிரிக் கப்பலைத் தேடிய கண்ணாடியில்
இப்போது ஐஸ் பேக்டரி மாடி,
நண்டு வலை காயும் சுவர்,
டீக்கடை வாசலில்
வேலைக்குப் போவதாகச் சொல்லிப்போன என் வீட்டுக்காரர்.
குறுக்குக் கோடு சரியாக அவர் டம்ளர் மேல்.
கைப்பிடியை மடித்து வைத்தேன்.
வீட்டில் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் உள்ளே முழுக்கச்
சாம்பல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள்.
டார்ப்பீடோ அறையில், குண்டுக்கு மேலே
தொங்கும் மூன்றாவது படுக்கை.
மெத்தையைப் புரட்டினால்
தகட்டில் ஆணியால் கீறிய எழுத்து.
ஒரே எழுத்து, பதினேழு தடவை.
மேலே படுத்த கோடு. நடுவில் நிமிர்ந்த கோடு.
வலப்பக்கம் ஒரு சின்னக் கை,
இடப்பக்கம் ஒரு சின்னக் கால்,
அடியில் எல்லாவற்றையும் தாங்கி ஒன்று.
சாமி பேரா, பெண்டாட்டி பேரா?
பதினெட்டாவது மூன்று கோட்டில் நின்றிருந்தது.
பேரைப் பாதியில் விடுவானா ஒருத்தன்?

பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் சொட்டிய பிறகுதான் பிடிபட்டது.
எங்கள் அடுப்படிச் சுவரிலும் இருக்கிறது, பால் கணக்கு.
நாலு கோடு நெடுக, அஞ்சாவது குறுக்கே.
இவன் அதையே ஓர் எழுத்தாகக் கட்டியிருக்கிறான்.
பதினேழு ஐந்து எண்பத்தைந்து. மூன்று சேர்த்தால்
எண்பத்தெட்டு நாள்.
நாள் என்று நானாகச் சொல்கிறேன்.
கடன் கொடுத்த சிகரெட்டாகவும் இருக்கலாம்.

"என்னம்மா துரு அது, அடிச்சு மூடு"
என்றார் சூப்பர்வைசர் மாசிலாமணி.
சுற்றி அடித்தேன். உள்ளங்கை அகலம் விட்டுவிட்டு
மெத்தையைப் போட்டேன்.

இந்தக் கார்த்திகையில் ஆறு ஏறியது.
பள்ளம் நிறைந்த ராத்திரி, வாட்ச்மேன் செங்கேணி
ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறான்:
தொட்டிலை விட்டு ஒரு விரற்கடை
கப்பல் மேலே வந்ததாம்.
விடிவதற்குள் இறங்கிவிட்டது,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.
"மெதந்துச்சுக்கா, சத்தியமா."
மாசிலாமணி அவன் வாயை மோந்து பார்த்தார்.
ஜோதிலிங்கம் சாரோ, இத்தனை பொய் சொல்கிறவர்,
இதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.
யாரும் நம்ப மாட்டார்களாம்.

என் வாளியில் தண்ணீர்
இப்போதும் ஒரு பக்கம் உயர்ந்துதான் நிற்கிறது.

கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை
மெத்தையைப் புரட்டி, கொண்டை ஊசியால்
பதினெட்டாவதற்கு ஒரு கோடு போட்டேன்,
இடப்பக்கத்துச் சின்னக் கால்.

அடிக்கோடு இன்னும் பாக்கி.