பதினாலாம் காத்தாடி

உவரி ஜட்சன் கப்பலில் இருந்து இறங்கி வந்தபோது
அவன் அம்மாவுக்கு ஒரு கம்பளி,
எங்களுக்கு ஒரு பென்டிரைவ்.
வடக்கே, மரமே இல்லாத தீவுகளாம்.
ஆளைவிட ஆடு கூடுதலாம்.
"ஃபேரோன்னு பேரு. ரெண்டே பேரு, ஒரு கீபோர்டு, ஒரு பொட்டி.
அவுக பாஷையிலயே பாடுதாக.
அதைப் பேசுததே மொத்தம் அம்பதாயிரம் சொச்சம்."
ஜெபசிங் கணக்குப் போட்டான்:
பணகுடியும் வள்ளியூரும் சேர்ந்தாலே தாண்டிரும்லே.

அவனுடைய செல்போன் கடை ஷட்டரைப் பாதி இறக்கி
உள்ளே உட்கார்ந்து கேட்டோம்.
ஒரு சொல் விளங்கவில்லை.
திரும்பத் திரும்ப வந்த வரி மட்டும்
'மூஞ்சூறு வாரான், மூஞ்சூறு வாரான்'
என்றே காதில் விழுந்தது.
மூன்று நாள் சிரித்தோம்.
நாலாம் நாள் சிரிப்பு வரவில்லை.
அந்தப் பெண் மூச்சிழுக்கிற இடத்தில்
எனக்குக் கூதல் அடித்தது,
சித்திரை மாசம், ஃபேன் ஓடாத கடையில்.

காற்றாலைக் கம்பெனியில் எனக்கு இரவு ஷிப்ட்.
திரையில் நாற்பது புள்ளி.
பச்சை என்றால் ஓடுது, சிவப்பு என்றால் நிக்குது.
கணவாய் வழியே மேலக்காத்து இறங்கும்போது
பதினாலாம் நம்பர் மட்டும்
மற்றதைவிட அரைச் சுருதி கீழே முனகும்.
இன்ஜினியரிடம் சொன்னேன்.
"பேரிங் தேஞ்சிருக்கும், எழுதி வைங்க."
எழுதி வைத்தேன்.
போனிலும் பிடித்து வைத்தேன்.

அந்த முனகல்தான் எங்கள் முதல் பாட்டுக்கு அடி.
அதன்மேல் ஜெபசிங் தாளம் தட்டியது
யாரோ ரிப்பேருக்குக் கொடுத்து, திரும்ப வாங்க வராத டேப்லெட்டில்.
சொல் என்னுடையது:
'ஏ, எங்கனக்குள்ள நிக்க,
காத்து தள்ளுதுல்லா...'

சென்னையில் ஒருவர் கேட்டுவிட்டு மெயில் போட்டார்:
டியூன் அருமை, பாஷையை மட்டும்
கொஞ்சம் பொதுவாக்குங்களேன்.
'தள்ளுதே' என்று பாடிப் பார்த்தேன்.
தாளம் ஒரு காலை நொண்டியது.
அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை.

அடுத்த ஆனி முகூர்த்தத்தில் முதல் மேடை,
ராதாபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம்.
மாப்பிள்ளையும் பொண்ணும் சாப்பிடப் போன நேரம் எங்களுக்கு.
குரலைத் தகரமாக்கும் பொட்டி வழியாகப் பாடினேன்.
எதிரே பதினோரு பேர்.
அதில் நாலு பிள்ளைகள் நாற்காலி இழுத்து விளையாடின.
முடிந்ததும் சமையல்கார உச்சிமாகாளி அண்ணாச்சி
கரண்டியோடு மேடையோரம் வந்தார்.
"நல்லாருக்கு. இது எந்த ஊரு பாஷைம்மா?"

ஜெபசிங் வாயைத் திறந்தான்.
நான் பொட்டியின் வயரை உருவிவிட்டு
வெறுங்குரலில் ஒரு தடவை பாடினேன்:
'காத்து தள்ளுதுல்லா...'

"தள்ளத்தான் செய்யும்," என்றார்,
"ஆனி மாசம்லா. அடுப்பே எரிய மாட்டேங்கு."
போய்விட்டார். ரசத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

ஜட்சன் போன வாரம் மறுபடி கப்பல் ஏறினான்.
பையில் கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய், எங்கள் பென்டிரைவ்.
அந்தத் தீவுக்குத்தான் போவான் என்று இல்லை,
சரக்கு எங்கேயோ அங்கே.
ஒருவேளை போனால் யார் கையிலாவது கொடு என்றோம்.
'தள்ளுதுல்லா' அவர்கள் காதில் என்னவாக விழும்?
ஒரு மீன் பேரா, வசவா.
மூன்று நாள் சிரிக்கட்டும்.

பதினாலாம் நம்பருக்கு நேற்று
புது பேரிங் மாட்டிவிட்டார்கள்.
இன்ஜினியருக்குச் சந்தோசம்.
இப்போது மற்றதைப் போலவே ஓடுகிறது.
திரையில் நாற்பதும் பச்சை.