பத்தரை

செவ்வாய் இரவு
ஈரி ஏரிப் பனி பார்க்கிங்கை மூடியபின்
இந்தத் தெருவில் விழித்திருப்பது நாங்கள்தான்:
இருபத்து நாலு தடங்கள்,
ஓயாமல் பொரியும் ஓர் எண்ணெய்ச் சட்டி,
காலணிக் கவுண்டரில் நான்.

உங்கள் ஷூவைக் கழற்றிக் கொடுங்கள்.
அது எனக்குப் பணயம்.
பதிலுக்கு ஒரு ஜோடி தருவேன்:
பாதி சிவப்பு, பாதி நீலம்,
குதிகாலில் ஊரறிய உங்கள் அளவு.
இதைப் போட்டுக்கொண்டு
யாராலும் பெரிய மனுஷனாக இருக்க முடியாது.
அதற்காகத்தான் வருகிறார்களோ என்னவோ.

பள்ளிப் பேருந்து ஓட்டும் பெர்னடீன்
மூன்று துளையில் விரல் நுழைத்து
ஆறு கிலோவை உருட்டிவிடுகிறாள்.
வேடிக்கை அதற்கப்புறம்தான்.
பந்து கையைவிட்டுப் போயே போய்விட்டது;
இவள் இடுப்பை வளைக்கிறாள்,
ஒற்றைக் காலில் கொக்காகிறாள்,
"இந்தப் பக்கம், இந்தப் பக்கம், என் கண்ணு"
என்று கெஞ்சுகிறாள்,
நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் உட்காரவைப்பவள்.
பந்துக்குக் காது கிடையாது.
கால்வாயில் இறங்கி
ஒன்றும் நடக்காததுபோல் போய்ச் சேர்கிறது.

வெளியே ஸ்டிரைக் என்றால்
ஆலை வாசலில் தட்டி, வீட்டில் வெறும் சூப்.
இங்கே ஸ்டிரைக் என்றால்
பத்தும் ஒரே மூச்சில் சாயும்,
பெயர் தெரியாத ஏழாம் தடத்துக்காரன்
ஓடிவந்து உங்கள் உள்ளங்கையில் அறைவான்.

சில நேரம் இரண்டு மட்டும் நிற்கும்,
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போல்
ஆளுக்கொரு மூலையில்.
நடுவே போகும் பந்துக்கு
சமாதானம் பேசப் போனவன் கதிதான்.

ஆர்வில் ஸ்கோவ்ரோன்
இறுதிச் சடங்கு நிலையம் வைத்திருப்பவர்.
பதினோரு வருடமாக வாடகைக் காலணி.
சொந்தமாக வாங்கினால்
நன்றாக ஆட வேண்டிவருமே என்பார்.
சராசரி தொண்ணூற்றெட்டு.
விழுந்ததை எல்லாம் இயந்திரம் வாரிப்போய்
மறுபடி நிமிர்த்தி நிறுத்தும்போது மட்டும்
கை தட்டுவார்:
"நம்ம தொழிலில் இது நடக்காது."

ஜனவரியில் ஒரு செவ்வாய்
அவருக்கு நூற்று நாற்பத்தொன்று விழுந்தது.
மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.
தலையைப் பற்றித் தெரியாது;
கால் நிச்சயம் புரியவில்லை.
பூட்டும்போது பார்க்கிறேன்,
அலமாரியில் முகம் தெரியும் கறுப்பு ஜோடி,
பத்தரை எண் அறை காலி.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டம்.
கறுப்புக் கோட், கறுப்பு டை, கறுப்புக் குடை,
பனிமேல் சிவப்பும் நீலமும்.
பாதிரியார் ஒரு பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.
மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.
இறந்தவரின் மனைவி லூயெல்லா
மூன்று நாளாகத் தரையையே பார்த்தபடி இருந்தவள்,
அதனால் எல்லாருக்கும் முன்பே பார்த்துவிட்டாள்.
தோள் குலுங்கியது.
தங்கை ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள்.
அது அழுகை இல்லை.

இதை ஆர்விலே வந்து சொன்னார்,
உப்பும் சேறும் ஒட்டிய ஜோடியைக்
கவுண்டரில் வைத்து, குனிந்த தலையோடு.
"அபராதம் எவ்வளவு, டெல்ஃபின்?"
ஸ்பிரே அடித்தேன். இரண்டு தடவை.
ஒரு நாள் கூடுதல் வாடகை,
நாலேமுக்கால் டாலர்.

அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்
லூயெல்லா கறுப்பு பூட்ஸைக் கழற்றி
என் முன்னால் வைத்தாள்.
"எனக்கு ஏழு."
முதல் பந்து கால்வாயில்.
இரண்டாவதும்.
மூன்றாவதுக்கு
இடுப்பை வளைத்தாள்.