நூறு ரூபாய் குறைக்கப்பட வேண்டும்

எங்கள் பள்ளியில்
மூன்று வருடமாக வேதியியல் ஆசிரியர் இல்லை.
இதைச் சட்டசபையில் சொல்ல
எங்கள் உறுப்பினர் முதலில்
பள்ளிக்கல்வி மானியத்தில்
நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

விதி அப்படி.
அடையாள வெட்டு என்று பெயர்.
பதினெட்டு வருடமாகப் பட்டியல் போடுகிற
இளநிலை உதவியாளன் நான்,
அரசாங்கத் தமிழில் எதற்கும் அசராதவன்.
இதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

மானியக் கோரிக்கை நாள்.
முத்திரைப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தேன்.
வெளியே இடவப்பாதி,
ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டி முடியாத வாரம்.
களியலில் மழை பெய்தால் சிக்னல் நனைந்துவிடும்.
அமைச்சர் ஒரு குறளோடு எழுந்தார்.
கோடிகள் வந்தன,
நின்றன,
சுழன்றன,
மறுபடி வந்தன.

எங்கள் உறுப்பினருக்கு இரண்டு நிமிடம்.
ஒன்று நன்றிக்குப் போனது.
அரை நிமிடம் மார்த்தாண்டம் சாலைக்கு.
பிறகு "களியல்" என்றார்.
நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.
"வேதியியல்" என்பதற்குள் மணி அடித்தது.
அங்கேயா இங்கேயா தெரியவில்லை,
எங்கள் இரண்டாம் பாடவேளையும் அப்போதுதான் முடிந்தது.

ஏற்போர் ஆம் என்க.
மறுப்போர் இல்லை என்க.
வெட்டுத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.
நூறு ரூபாய் பிழைத்துக்கொண்டது.

மதியம் தபசிமுத்து வந்தார்.
பால்வெட்டுக்காரர்.
விடியுமுன் நெற்றி விளக்கோடு
முந்நூறு மரம் வெட்டுகிறவர்.
பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் பால்,
எவ்வளவு போனால் காயம்
என்று கத்திக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.
"எனக்க மவளுக்க கெமிஸ்ட்ரிக்கு
இந்த மாசப் பைசா, சாறே."

ஒரு நூறு ரூபாய்த் தாள்.
மழையில் நனைந்து, ரப்பர் ஷீட் மணத்தோடு.
பன்னிரண்டாம் வகுப்பில் ஐம்பத்தாறு பேர்.
ஐம்பத்தாறு நூறுகள் சேர்ந்தால் விஜிலா டீச்சர்.
சேராத மாதம் அவர் ஸ்கூட்டரை
வீட்டிலேயே விட்டுவிட்டு
பஸ்ஸில் வருவார்.

ரசீதில் மூன்று இனம் அச்சாகியிருக்கிறது.
சேர்க்கை. விளையாட்டு. இதர.
வேதியியலை இதரவில் எழுதினேன்.

"இன்னைக்கு மெட்ராசுல நம்ம ஸ்கூல் பேரு சொன்னாவளாமே?"
சொன்னார்கள் என்றேன்.
"என்ன கேட்டாவ?"
நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார்கள் என்று
எப்படிச் சொல்வது
அந்தத் தாளை வாங்கிக்கொண்டே.

அவர் போன பிறகு
பழைய கோப்பு ஒன்றை எடுத்தேன்.
எடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.
ஒரு மார்ச் இருபத்தொன்பது,
வெள்ளிக்கிழமை, மாலை நாலரை.
ஆய்வகத்துக்கு நிதி வந்த நேரம்.
மூன்று விலைப்புள்ளி வேண்டும்.
நாகர்கோவில் கடைகளில் இரண்டு பூட்டியிருந்தன.
மூன்றாவது கடைக்காரர் மகள் கல்யாணத்தில் இருந்தார்.
முப்பத்தொன்றோடு வருடம் முடிந்தது.
பணத்தைத் திருப்பி ஒப்படைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
எல்லாரும் எழுதுவதையே எழுதினேன்:
தேவை எழவில்லை.

என் கையெழுத்துதான்.
மேலே சுழிக்கிற அந்த ழகரம் என்னுடையதுதான்.
அந்த வருடம் பிள்ளைகள்
அமிலத்தின் நிறமாற்றத்தைக்
கரும்பலகையில் பார்த்தார்கள்,
வெள்ளைச் சாக்கில் நீலம், வெள்ளைச் சாக்கில் சிவப்பு.

நேற்று உறுப்பினர் அலுவலகத்திலிருந்து போன்.
அடுத்த கூட்டத்தொடருக்குக் குறிப்பு வேண்டுமாம்,
சுருக்கமாக, அரைப் பக்கத்துக்குள்.
பள்ளியின் பெயர் எழுதினேன்.
காலிப் பணியிடம்: ஒன்று.
காலியான நாள் எழுதினேன்.
மேசைக் கண்ணாடிக்கடியில்
தபசிமுத்துவின் தாள் இன்னும் காயவில்லை.

பிறகு, யாரும் கேட்காத ஒரு வரி.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால்
ஓரத்தில்:
தேவை எழுந்துள்ளது.