எந்தக் கல்

ஊனா மக்கர்டி மண்டியிடும் இடத்தில்
கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும்
ஒரே அலையை வாங்கிக்கொள்கின்றன.
இந்தப் பக்கம் பசால்ட், அந்தப் பக்கம் சுண்ணாம்பு,
நடுவில் கை நுழையாத ஒரு பிளவு.
ராத்லின் தீவில் காற்று
இரண்டையும் ஒன்றாகத்தான் அறைகிறது.

ஒரு சாண் சதுரக் கம்பிச் சட்டத்தைக்
கல்லில் வைத்து
உள்ளே அகப்பட்ட கொட்டலசுகளை எண்ணுகிறாள்.
உயிருள்ளவை. வெறும் கூடுகள்.
இந்த வசந்தத்தில் வந்திறங்கியவை.
ஈரம் தாங்கும் தாள், பென்சில்.
முழங்கால் வரை தண்ணீர் ஏற
இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.

கடலில் ஆறேழு முறை சட்டை உரித்து
கரைக்கு வரும்போது அது எள்ளளவு.
இனி இரை தின்னாது, இடம் பிடிக்கும்வரை.
கொம்பு இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றி
கல்மேல் நடக்கும்.
கொம்பாலேயே ருசி பார்க்கும்.
உடம்புக்கு அளவான பள்ளம் தேடும்,
முன்னால் வந்த தன் இனத்தின் வாடை தேடும்,
பிடிக்காவிட்டால்
அடுத்த அலையில் ஏறிப் போய்விடும்.
பிடித்துவிட்டாலோ
தலையைக் கல்லில் ஒட்டி, சுற்றிலும் சுவர் எழுப்பி,
சாகும்வரை
காலால் அள்ளிச் சாப்பிடும்.

கல்லானாலும் என்று தொடங்கி
பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டோம் நாம்.
எந்தக் கல் என்று கேட்கிறது இது.

ஜூலையில் காற்று நின்ற நான்கு நாள்.
நண்பகலில் நீர் வற்றிய நேரம்
கறுப்புக் கல்லில் நாற்பத்தொன்று காட்டியது வெப்பமானி,
வெள்ளைக் கல்லில் முப்பது.
கறுப்பில் இருந்தவை வாய் திறந்து காய்ந்தன.
ஆகஸ்டில் அவள் எண்ணியது கூடுகளை;
விரல் வைத்தால் உள்ளே ஒன்றுமில்லை,
மணல், ஒரு சின்ன நத்தை.
பிளவின் நிழலில் மட்டும்
ஒரு கோடு பிழைத்திருந்தது.

அப்படியானால் வெள்ளைதான் என்று
அவளும் எழுதத்தான் போனாள்.

நவம்பர்ப் புயல் கழிந்த காலை
பாசிக் குவியலில் கிடந்தது
உள்ளங்கையளவு சுண்ணாம்புச் செதில்.
மேலே அறுபத்திரண்டு கொட்டலசுகள்,
எல்லாம் உயிரோடு,
ஒன்றுகூடப் பிடி தளரவில்லை.
கல்தான் விட்டுவிட்டது.

பாலிகாசலில் கல்லறைப் பலகை வெட்டும் டோனல்
சோதனைக்காகக் கல் துண்டுகள் கொடுத்திருந்தான்.
ஸ்லேட் ஒன்று, மணற்கல் ஒன்று,
கிரானைட் ஒன்று, கண்ணாடி போல் மெருகேற்றியது:
ஹெஸ்டர் என்ற பெயரில்
ஓர் எழுத்தை அதிகம் செதுக்கிவிட்டதால்
அந்தக் குடும்பம் வேண்டாமென்ற பலகை.
காசு வாங்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றான்.

மற்றவற்றில் அங்கங்கே ஒட்டியிருந்தன.
கிரானைட்டின் மெருகில்
ஒன்றுகூட இல்லை.
ஆனால் உளி போன வழியெல்லாம்
தோளோடு தோளாக,
வளைவுக்கு வளைந்து, முனைக்கு முனை நின்று,
அந்த அதிகப்படி எழுத்து உட்பட
முழுப் பெயரையும்
வெள்ளையில் எழுதி வைத்திருந்தன.

அவள் சிரித்தாள்.
பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.
ஹெஸ்டரைத் தெரியும்,
படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவள்.

துறைமுகச் சுவரை நீட்டப்போகிறவர்கள்
கடிதம் போட்டிருக்கிறார்கள்:
கொட்டலசுக்கு எந்தக் கல் நல்லது,
ஒரு வரியில் தெரிவிக்கவும்.

மூன்று முறை எழுதி அடித்தாள்.
வெயில் என்று எழுதினாள். புயல் என்று எழுதினாள்.
சொரசொரப்பு, நிழல், எத்தனை வருடம் என்று
ஓரத்தில் எழுதினாள்.
நான்காவது தாளில் சட்டத்தின் எண் மட்டும்.

பனிக்காலத் தண்ணீர் இப்போது
பிளவுக்குள் ஏறுகிறது.
கதவுகள் திறக்கின்றன, கறுப்பிலும் வெள்ளையிலும்.
இறகு போன்ற கால்கள் வெளியே வந்து
வீசுகின்றன, மடங்குகின்றன, வீசுகின்றன.
இன்னும் இருபது சதுரம் பாக்கி.
முழங்காலில் கறுப்புக் கல் கிழித்த இடம்
உப்பு பட்டு எரிகிறது.