பொருள் வரையறை

சான்டா ஃபேயில் சட்டமன்றம் வட்டமாக இருக்கும்.
மூலையே கிடையாது.
ஆனாலும் ஒரு மசோதாவை
எந்த மூலையில் போடுவதென்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நான் வரைவுப் பிரிவில் இருக்கிறேன்.
பிறர் நினைப்பதை எழுதுவது வேலை.
பதினெட்டு வருடத்தில்
அரைப்புள்ளிகள் தவிர
எதுவும் என்னுடையதில்லை.

பிப்ரவரி கடைசி. வெளியே பனி,
தாழ்வாரமெங்கும் பச்சை மிளகாய் பரிட்டோ வாசனை.
மசோதா முந்நூற்றுப் பதினெட்டு:
பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்
கூடி ஆராய ஓர் அமைப்பு.
பதினோரு பக்கம்.
முகவுரையில் "அறிவின் பாலம்" என்று இருந்ததை
நான்தான் அடித்தேன்.
பாலங்களைப் போக்குவரத்துக் குழு பார்த்துக்கொள்ளும்.

மலைமேல் ஆய்வகத்திலிருந்து வந்த ஸ்ட்ராம்க்விஸ்ட்
நாற்பது படங்கள் காட்டினார்.
லாஸ் க்ரூசஸ்காரர் ஒருவர்
"ஒத்துழைப்பு" என்று
இருபத்தாறு முறை சொன்னார். எண்ணினேன்.

அப்புறம் லொரிண்டா சோசீ.
ஷிப்ராக் பக்கம் ஒரு பழங்குடிக் கல்லூரியில்
வேதியியல் நடத்துபவள்.
விடியுமுன் கிளம்பி
இருநூறு மைல் ஓட்டி வந்திருந்தாள்.
மேசைமேல் ஒரு குப்பியை வைத்தாள்.
தெளிந்த தண்ணீர்.

"ஆட்டுக்கும் ஆளுக்கும் இதே கிணறுதான்.
இதில் யுரேனியம் எவ்வளவென்று
சரியாகச் சொல்லும் கருவி
அந்த மலைமேல் இருக்கிறது.
அனுமதி கேட்டுப் பதினாலு மாதம் ஆச்சு.
ஆடுகள் குடித்துக்கொண்டுதான் இருக்கின்றன."

மூன்று நிமிடம் முடிந்தது என்றார் தலைவர்.
அவள் எழுந்து போனாள்.
குப்பி போகவில்லை.

ஹார்லன் டீக் இரண்டு திருத்தம் கொண்டுவந்தார்.
ஒன்று, இரண்டாம் பிரிவில்,
பல்கலைக்கழகம் என்பதன் பொருள் வரையறையில்
"பழங்குடிக் கல்லூரிகளும்" என்பதை நீக்குவது.
மற்றது, ஏழாம் பிரிவில்,
ஆய்வகம் தன் கருவிகளைப் பயன்படுத்த
"அனுமதிக்க வேண்டும்" என்பதை
"அனுமதிக்கலாம்" என்று ஆக்குவது.

வேண்டும் என்ற சொல் நின்றுகொண்டிருக்கும்.
லாம் ஒரு சாய்வு நாற்காலி.

மசோதாவைக் கொண்டுவந்த செலஸ்டீனோ அபெய்ட்டா
என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.
சட்டைப் பையில் பாதி தின்ற மிட்டாய்.
"ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஏழு ஓட்டு.
இரண்டையும் பிடித்தால் ஐந்து.
டெல்ஃபினா, எதை விடட்டும்?"

என்னிடம் கேட்கக் கூடாது.
நான் சொல்லவும் கூடாது.
விதிமுறையில் இருக்கிறது,
அந்த விதிமுறையை எழுதியதும் நான்தான்.

சொன்னேன்:
"கல்லூரி இருக்கட்டும்.
லாமை அடுத்த கூட்டத்தொடரில் மாற்றலாம்.
உள்ளே இல்லாதவளுக்கு
எதை மாற்றி என்ன?"

சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்தேன்.
ஐந்து எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்து.
ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஏழுக்கு ஐந்து. நிறைவேறியது.
ஏப்ரலில் கையெழுத்தானது.
கையெழுத்துப் பேனா ஒன்றை எனக்கும் அனுப்பினார்கள்.
மை வரவில்லை.

ஜூலையில் லொரிண்டா தொலைபேசினாள்.
ஆய்வகம் பதில் போட்டிருக்கிறதாம்,
மரியாதையான கடிதம்,
புதிய சட்டத்தையே மேற்கோள் காட்டி.
"அனுமதிக்கலாம் என்கிறார்கள்.
உங்கள் வரையறைப் பகுதியில்
அதற்கு என்ன பொருள் போட்டிருக்கிறீர்கள்?"

இருபத்துமூன்று சொல்லுக்குப் பொருள் எழுதியிருந்தேன்.
கட்டடம், கருவி, கட்டணம், நிதியாண்டு.
அதற்கு எழுதவில்லை.

வரும் ஜனவரிக்கு
ஒரு வரைவு போட்டு வைத்திருக்கிறேன்.
ஒரே ஒரு பக்கம். யாரும் கேட்கவில்லை.
மேலே ஒரு பெயர் வேண்டும்,
அபெய்ட்டா இன்னும் பிடிகொடுக்கவில்லை.

குப்பி என் மேசையில்தான் இருக்கிறது.
நேற்று இரவு கூட்ட வந்த யூசேபியோ
வாடிய செடிக்கு ஊற்றப் போனார்.
கத்திவிட்டேன்.

"தண்ணீர்தானே?" என்றார், பயந்துபோய்.

அதுதான் தெரியவில்லை என்றேன்.