திருகு

ஓக்லாவில் ஜனவரி. காலை ஏழு.
மூடுபனி மதகுவரை வந்து நிற்கிறது
டிக்கெட் வாங்காத கூட்டம்போல.

நால்வருக்கு ஒரே பைனாகுலர்.
லஜ்பத் நகரில் பேரம் பேசியவள் நான்,
கழுத்தில் தொங்குவது முகுந்தனுக்கு.
அவர் பார்த்துவிட்டுத் தரும்போதெல்லாம்
உலகம் அவர் கண்ணுக்கு வாகாய்த் திருகியிருக்கிறது.
என் கண்ணுக்குத் திருப்புவதற்குள்
பறவை போய்விடுகிறது.
"பாத்தியா?"
பார்த்தேன் என்கிறேன்.
பார்த்தது நாணல்.

தாரிணிக்குப் பதினைந்து.
செல்போனைப் பிடுங்கி வைத்த இரவிலிருந்து
எங்கள் யாரோடும் பேச்சில்லை.
நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் முணுமுணுப்பு:
ஊசிவால் வாத்து, பதினொன்று.
தட்டைவாயன், ஆறு.
நாமக்கோழி
"நெத்தியைச் சரியாப் பாரு,
வடகலையா தென்கலையா?"
என்று முகுந்தன் கேட்டதும்
மஃப்ளருக்குள் சிரிப்பை இழுத்துக்கொண்டாள்.
அதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நிரஞ்சன், ஆறு வயது,
பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டு
பாலத்துப் பக்கம் பார்த்துக் கத்துகிறான்:
"அம்மா, வெள்ளைப் பறவை! ஆயிரம்!
எல்லாம் தூங்குது!"

வாங்கிப் பார்த்தேன்,
அவன் வைத்தபடியே, எதையும் மாற்றாமல்.
நிஜம்தான்.
நீரெங்கும் கூட்டம் கூட்டமாய்
கழுத்தைச் சிறகுக்குள் செருகி
அசைந்தும் அசையாமலும்.
அரை விரற்கடை திருகினால்
நுரை.
சோப்பும் சாக்கடையும் சாயத் தண்ணீரும்
ராத்திரியெல்லாம் கடைந்து
யமுனை மேலே தள்ளிய நுரை.

திருகின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.
பிறகு பழையபடி திருப்பி வைத்து
தாரிணியிடம் நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள். அவளும் திருகவில்லை.
எழுதினாள்:
வெள்ளைப் பறவை, ஆயிரம்.
பார்த்தவர் நிரஞ்சன்.

அப்போது நுரையில் ஒரு துண்டு
எழுந்து பறந்தது.
அடுத்தது இன்னொன்று. பிறகு முப்பது, நாற்பது,
கரியும் வெள்ளையுமாய்ச் சிறகு விரித்து
எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு.
"கடற்காக்கை," என்றாள் தாரிணி,
எங்களைப் பார்த்து.

எத்தனை இருக்கும் என்றார் முகுந்தன்.
"ஆயிரத்துல நுரையைக் கழிக்கணும்பா."
நுரை எவ்வளவு?
அது யாருக்கும் தெரியவில்லை.

ஆறிப்போன பராத்தாவைப் பிய்த்துத் தின்றோம்.
கையெல்லாம் ஆற்று நாற்றம்.
பொட்டானிக்கல் கார்டனில் மெட்ரோ மாறும்வரை
அவர்கள் மூவரும் கழித்துக்கொண்டே வந்தார்கள்.
நிரஞ்சன் மட்டும் ஒன்றைக்கூட
விட்டுக்கொடுக்கவில்லை.