வாசனைக்குக் கட்டம் இல்லை

ரெஜீன் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து
இரண்டு புட்டிகளைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிக்
கொண்டுவந்திருந்தாள். கழுத்து நீண்ட பச்சைப் புட்டிகள்,
ஒற்றைக் காலில் நிற்கும் நாரைகள் மாதிரி.
வைசியாள் வீதியில் அவள் மாடி. கரண்ட் போய் அரைமணி.
ஐஸ் நிரப்பிய சாம்பார் வாளியில்
புட்டிகள் வியர்த்தன, நாங்களும்.

"ரீஸ்லிங். டிரை," என்றாள்.
ஊற்றிக் குடிப்பதை எப்படி
உலர்ந்தது என்கிறாய் என்றேன்.
"இனிப்பை எல்லாம் ஈஸ்ட் தின்றுவிட்டது.
மிச்சம்தான் இது."

மிச்சம்:
உப்புத் தொடாத மாங்காயின் முதல் கடி.
எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய நகம்.
பல்லின் அடியில் ஒரு கூச்சம்.
விழுங்கி, பேச்சு வேறெங்கோ போனபின்
மழை விழுந்த கல்.

அந்தச் சரிவில் ஏணி போல ஏற வேண்டும் என்றாள்.
சிவப்பு மணற்கல், மேலே ஒரு சாண் மண்.
தண்ணீர் தேடி வேர் கல்வெடிப்புக்குள்
நாலைந்து ஆள் ஆழம் இறங்கும்.
"பக்கத்துத் தோட்டம் சுண்ணாம்புக்கல்.
நடுவில் ஒரு வண்டிப்பாதைதான்.
குடித்தால் வேறு ஆள்."

மணற்கல் எங்களுக்கும் உண்டு.
கேப்பர் மலையைக் கடப்பாரையால் கீறினால்
அதே சிவப்பு. அதில் முந்திரி நிற்கிறது.
எந்த மேட்டு முந்திரி என்று
பருப்பைக் கடித்துச் சொல்ல ஆளில்லை.
மூட்டைக்குள் போனால் எல்லாம் பண்ருட்டி.

நான் கடலூர் மண் பரிசோதனைக் கூடத்தில்
பதினாறு வருஷமாக மண் சலிக்கிறவன்.
கல் வேர்வழி ஏறி நாக்குக்கு வராது.
சொன்னேன். அவள் மறுக்கவில்லை,
இன்னொரு புட்டியைத் திறந்தாள்.
பதினான்கு வருஷப் பழசு. "மோந்து பார்."

மண்ணெண்ணெய்.
ரேஷன் கடை வரிசை, பம்ப் ஸ்டவ்வின் பித்தளைக் கழுத்து,
தகர டின்னைத் தூக்கிய கை சோற்றுக்கு வருவதற்குமுன்
இரண்டு முறை சோப்பு.
"வயதானால் இந்த வாசம் வரும்,
இதற்குத்தான் விலை," என்றாள்.
மண்ணின் எண்ணெய் என்று நம் ஆட்கள்
எதை மோந்து பெயர் வைத்தார்களோ.

அஞ்சலாட்சி ஞாபகத்துக்கு வந்தாள்.
போன வெள்ளிக்கிழமை குவார்ட்டர் பாட்டிலில்
போர்த் தண்ணீர் கொண்டுவந்தவள்.
மூடியைத் திருகி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
"மோந்து பாருங்க சார்."
இதே வாசம். இதேதான்.

கார அமில நிலை ஏழு புள்ளி ஒன்று.
உப்பு நடுத்தரம். பாசனத்துக்கு ஏற்றது.
வாசனைக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
வாங்கியவள் படிக்கவில்லை,
தாளை மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ரெஜீன் சின்ன நோட்டில்
குடித்ததை எழுதிக்கொண்டிருந்தாள்.
நிறத்துக்கு ஒரு வரி, புளிப்புக்கு இரண்டு,
வாசனைக்கு முழுப் பக்கம்.

கரண்ட் வந்தது. பேனாவைக் கேட்டு வாங்கினேன்.
அஞ்சலாட்சி. அறுபதடி போர்.
அரைக்காணி கத்திரி, மணல் கலந்த செம்மண்.
வாசனை என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து,
கோப்பையை மறுபடி
மூக்குக்குக் கொண்டுபோனேன்.